உயிருள்ள செல்லுக்குள் நொதி வேலை செய்வதைப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிரும் புரதங்களைக் கொண்டு செல்லுக்குள் நொதிகள் எப்போது, எங்கே வேலை செய்கின்றன என்று பார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களும் பக்கத்துத் துறைக்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையில் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

1. நொதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாலே போதுமே, 'செயல்பாடு' என்று தனியாக எதற்கு?

இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. காஸ்பேஸ்-3 என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்போது உள்ளே இருக்கும் புரதங்களை வெட்டித் தள்ளுவது இதுதான். நல்ல நிலையில் இருக்கும் செல்லிலும் இது உண்டு. ஆனால் செயலற்ற முன்வடிவமாகக் கிடக்கும். இன்னொரு காஸ்பேஸ் வந்து அதை வெட்டினால்தான் விழிக்கும். பிகேஏ என்ற கைனேஸ் நொதியின் கதையும் இதே மாதிரிதான் (கைனேஸ் என்றால் மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி). அதை அடக்கி வைத்திருக்கும் துணைப் புரதத்தில் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு செய்தி மூலக்கூறு போய் ஒட்டும் வரை அது கட்டுண்டு கிடக்கும்.

இரண்டிலுமே, புரதத்தின் அளவு துளியும் மாறாமல் செயல்பாடு மட்டும் பல மடங்கு ஏறலாம். அளவை மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் செல்லில் எதுவுமே நடக்காதது போலத்தான் தெரியும்.

2. செல்லை உடைத்து, சாற்றை எடுத்து, சோதனைக் குழாயில் அளப்பதில் என்ன குறை?

அது நல்ல முறைதான், நானும் செய்கிறேன். ஆனால் உடைத்த நொடியில் மூன்று தகவல்கள் போய்விடுகின்றன. நொதி செல்லுக்குள் எந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது என்பது போய்விடும். அடுத்த நிமிடம் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரியாது, ஏனென்றால் அந்தச் செல் இப்போது இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: லட்சக்கணக்கான செல்களின் சராசரி மட்டுமே கையில் இருக்கும். அந்தச் சராசரி எப்படி ஆளை ஏமாற்றும் என்பதை 5-ம் கேள்வியில் காட்டுகிறேன்.

3. ஒளிரும் புரதம் என்றால் சரியாக என்ன? செல்லுக்குள் சாயம் ஊற்றுவதா?

சாயம் இல்லை. செல்லே தயாரிக்கும் புரதம். பசிபிக் கடலில் வாழும் ஈக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனில் இதைக் கண்டவர் ஒசாமு ஷிமோமுரா. அது பற்றிய கட்டுரை 1962-ல் வந்தது. டக்ளஸ் பிரேஷர் 1992-ல் அதன் மரபணு வரிசையை வெளியிட்டார். 1994-ல் மார்ட்டின் சால்ஃபி அந்த மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவிலும் வைத்து ஒளிர வைத்துக் காட்டினார். ஜெல்லிமீனிலிருந்து வேறெந்த உதவியும் தேவைப்படவில்லை என்பதுதான் அதில் எல்லோரையும் அசர வைத்த விஷயம். பிறகு ராஜர் சியென் அதன் அமினோ அமிலங்களை மாற்றி மாற்றி நீலம், சியான் (நீலப்பச்சை), மஞ்சள் என்று வகைவகையாக உருவாக்கினார். ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

பச்சை ஒளிர்புரதம், அதாவது ஜிஎஃப்பி, 238 அமினோ அமிலங்களால் ஆனது. மடிந்து முடித்ததும் சுமார் 2.4 நானோமீட்டர் அகலமும் 4 நானோமீட்டர் உயரமும் உள்ள ஒரு பீப்பாய் போல நிற்கும். 65, 66, 67-ம் இடங்களில் உள்ள மூன்று அமினோ அமிலங்கள் தமக்குள் வினைபுரிந்து, பீப்பாயின் நடுவில் ஒளிரும் பகுதியாக மாறுகின்றன. அதற்கு வெளியிலிருந்து தேவைப்படுவது ஆக்சிஜன் மட்டும்தான். மரபணுவைச் செல்லுக்குள் கொடுத்தால் போதும், மீதியைச் செல் பார்த்துக்கொள்ளும்.

4. அது பாட்டுக்கு ஒளிர்கிறது. பக்கத்தில் ஒரு நொதி வேலை செய்வது அதற்கு எப்படித் தெரியும்?

தெரியாது. தெரியும்படி நாம்தான் கட்டியமைக்க வேண்டும். அப்படிக் கட்டிய புரதத்தைத்தான் உணரி என்கிறோம். அதிகம் புழங்கும் வழி ஃப்ரெட் எனப்படும் ஆற்றல் கைமாற்றம். சியான் நிறப் புரதத்தையும் மஞ்சள் நிறப் புரதத்தையும் ஒரே சங்கிலியில் கோத்துவிடுகிறோம். சியானைத் தூண்டும் ஒளியை மட்டும் பாய்ச்சுகிறோம். மஞ்சள் புரதம் மிக அருகில் இருந்தால், சியான் வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளியேறாமல் நேராக மஞ்சளுக்குப் போய், அது மஞ்சளாக ஒளிரும். விலகிவிட்டால் சியானே தன் நிறத்தில் ஒளிரும்.

'அருகில்' என்பதற்கு இங்கே மிகக் கறாரான பொருள் உண்டு. இந்த ஜோடிக்குச் சுமார் 5 நானோமீட்டர் தூரத்தில் பாதி ஆற்றல் கைமாறும். தூரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்து அது சரிவதால், 10 நானோமீட்டருக்கு விலகினாலே 65-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பிரித்தறியவே முடியாத அளவுக்குச் சின்ன அசைவு, நிறமாற்றமாக நம் கைக்கு வந்துவிடுகிறது. தூரம் மட்டுமல்ல, இரண்டு புரதங்களும் ஒன்றையொன்று எந்தக் கோணத்தில் பார்க்கின்றன என்பதும் சேர்த்திதான். அதனால்தான் காகிதத்தில் அழகாக இருக்கும் உணரி, செல்லுக்குள் போனதும் அசையாமல் உட்கார்ந்துவிடும். பத்துப் பதினைந்து வடிவங்களைச் செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

5. வெட்டும் நொதிகளுக்கு உணரி செய்வது சுலபம் என்கிறார்களே, எப்படி?

இரண்டு புரதங்களையும் இணைக்கும் சங்கிலியில், அந்த நொதி வெட்டும் இடத்தை வைத்துவிட்டால் முடிந்தது. நீலம், பச்சை ஜோடிக்கு நடுவே டிரிப்சின் வெட்டும் இடத்தை வைத்து 1996-லேயே ரோஜர் ஹெய்மும் சியெனும் செய்து காட்டினார்கள். காஸ்பேஸ்-3-க்கு வேண்டியது ஆஸ்பார்ட்டேட், குளூட்டமேட், வேலின், ஆஸ்பார்ட்டேட் என்ற நான்கு அமினோ அமிலங்கள். நான்காவதற்குப் பின்னால் அது வெட்டும். வெட்டுப்பட்டதும் இரண்டு துண்டுகளும் தனித்தனியே மிதந்து போகும், மஞ்சள் குறையும், சியான் கூடும்.

முதன்முதலில் இதை நேரில் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செல் இறப்பைத் தூண்டும் மருந்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வைத்திருந்தோம். முதல் மணி, இரண்டாம் மணி, எதுவும் இல்லை. திரையின் ஓரத்தில் தட்டையாகப் படுத்திருந்த ஒரு செல் லேசாகச் சுருங்க ஆரம்பித்தது. அடுத்த ஏழெட்டுப் படங்களுக்குள் அதன் நிறம் முழுக்க மாறி முடிந்துவிட்டது. மேற்பரப்பில் கொப்புளங்கள் பொங்கின. அதை ஒட்டியிருந்த செல் அசையவே இல்லை. அது மாறியது ஒன்றரை மணி நேரம் கழித்து. அதுவும் அதே வேகத்தில்.

2-ம் கேள்வியில் சொன்ன ஏமாற்று இதுதான். செல்களை மொத்தமாக உடைத்து மணிக்கு ஒரு முறை அளந்தால், காஸ்பேஸ் செயல்பாடு பல மணி நேரம் மெல்ல மெல்ல ஏறுவது போல ஒரு சரிவுக் கோடு கிடைக்கும். உண்மையில் எந்தச் செல்லிலும் அது மெல்ல ஏறவில்லை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஒரு படிக்கட்டுத் தாவல்; அந்தப் படிகள் ஆளுக்கொரு நேரத்தில் வருகின்றன, அவ்வளவுதான். உயிருள்ள செல்லில் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

6. கைனேஸ் எதையும் வெட்டுவதில்லையே. பாஸ்பேட்டை ஒட்டுவதை எப்படிப் பார்ப்பது?

ஒட்டிய பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு புரதத் துண்டைச் சங்கிலியில் சேர்க்க வேண்டும். 2001-ல் ஜின் ஜாங்கும் சியென் குழுவும் பிகேஏ-வுக்காகச் செய்த ஏகார் என்ற உணரி இதற்கு நல்ல உதாரணம். அதில் நான்கு பகுதிகள்: சியான் புரதம், பாஸ்பேட்டைப் பிடிக்கும் பகுதி, கைனேஸ் பாஸ்பேட் ஒட்ட வேண்டிய இலக்குப் பகுதி, மஞ்சள் புரதம். பிகேஏ பாஸ்பேட்டை ஒட்டியதும் பிடிக்கும் பகுதி அதைக் கவ்விக்கொள்ளும். முழுச் சங்கிலியும் மடியும், மஞ்சள் கூடும். அதாவது திசை காஸ்பேஸுக்கு நேர் எதிர்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. வெட்டு ஒரு வழிப் பாதை. பாஸ்பேட் அப்படி இல்லை. பாஸ்பட்டேஸ் என்ற நொதிகள் அதைக் கழற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த உணரி காட்டுவது கைனேஸை மட்டும் அல்ல, ஒட்டுபவருக்கும் கழற்றுபவருக்கும் இடையிலான இழுபறியை. மஞ்சள் கூடினால் கைனேஸ் விழித்திருக்கலாம், பாஸ்பட்டேஸ் தூங்கியும் இருக்கலாம். பிடிக்கும் பகுதி பாஸ்பேட்டை விடவே மாட்டேன் என்று இறுகப் பிடித்தாலும் சிக்கல்தான், கழற்றுபவருக்கு வழி கிடைக்காது. முதல் ஏகாரில் இருந்த 14-3-3 என்ற பகுதியில் அந்தக் குறை இருந்தது. பின்னர் வந்த வடிவத்தில் கொஞ்சம் தளர்வாகப் பிடிக்கும் எஃப்எச்ஏ1 பகுதியை வைத்தார்கள். அப்புறம்தான் நிறம் ஏறுவதோடு இறங்கவும் ஆரம்பித்தது.

7. இரண்டு நிறம் எதற்கு? ஒரே புரதத்தை வைத்துச் செய்ய முடியாதா?

முடியும். ஜிஎஃப்பி பீப்பாயின் பழைய இரு முனைகளையும் இணைத்துவிட்டு வேறொரு இடத்தில் வெட்டிப் புது முனைகளை உண்டாக்கலாம் என்று 1999-ல் சியென் குழு காட்டியது. புது முனைகள் ஒளிரும் பகுதிக்குப் பக்கத்திலேயே வருவதால், அங்கே கட்டிய உணர்வுப் பகுதி மடங்கும்போது ஒளிர்வு மாறுகிறது. கால்சியம் பார்க்கும் ஜிகேம்ப் இந்த வகை. இதே உத்தியில் கைனேஸ் உணரிகளும் வந்துவிட்டன.

ஒளிர்வு மாறுவதையே நம்பாத வழியும் ஒன்று உண்டு. கைனேஸ் பாஸ்பேட் ஒட்டினால் உட்கருவிலிருந்து வெளியேறும்படி ஒரு துண்டை வடிவமைத்து, அதில் ஒரு ஒளிர்புரதத்தைக் கட்டிவிடுவது. 2014-ல் வெளிவந்த இந்த முறையில் நிறம் மாறாது, இடம் மாறும். ஒரு நொதிக்கு ஒரு நிறமே போதும் என்பதால், ஒரே செல்லில் மூன்று கைனேஸ்களைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் உட்கருவுக்கு வெளியே போய்வர நேரம் பிடிக்கும், நொடிக்கணக்கில் நடப்பதை இதில் பிடிக்க முடியாது.

8. ஏன் எல்லோரும் விகிதம், விகிதம் என்கிறார்கள்? மஞ்சளை மட்டும் அளந்தால் ஆகாதா?

ஒரு செல் தடிமன், பக்கத்துச் செல் மெலிசு. ஒன்றில் உணரி நிறைய, இன்னொன்றில் கொஞ்சம். படம் எடுக்கும்போது ஃபோகஸ் லேசாக நகரும். இவை எல்லாமே மஞ்சளையும் மாற்றும், சியானையும் அதே அளவில் மாற்றும். ஒன்றை மற்றதால் வகுத்தால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

வகுப்பதற்கு முன் இரண்டு வேலைகள் பாக்கி: செல் இல்லாத இடத்தின் பின்னணி ஒளியைக் கழிக்க வேண்டும், சியானின் ஒளி மஞ்சள் ஃபில்டருக்குள் கசிவதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சியான் புரதம் மட்டும் உள்ள செல்லைப் படம் எடுத்தால் கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

9. நிறம் மாறிவிட்டது. நொதி வேலை செய்தது என்று எழுதிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நிறம் மாற நொதி அல்லாத காரணங்கள் ஏராளம். ஆரம்பகால மஞ்சள் புரதம் அமிலத்தன்மைக்கும் குளோரைடுக்கும் மசிந்துவிடும். அதன் பிகேஏ மதிப்பு 7-க்கு மிக அருகில் (கைனேஸ் பிகேஏ இல்லை, அமிலத்தன்மையைக் குறிக்கும் எண்). செல் இறக்கும்போது உள்ளே அமிலத்தன்மை கூடக்கூடும், அப்போது வெட்டு எதுவும் இல்லாமலே மஞ்சள் மங்கும். சிட்ரின், வீனஸ் போன்ற பிந்தைய வடிவங்கள் இதைவிட நன்றாகத் தாங்கும். நீங்கள் கொடுக்கும் மருந்தே ஒளிரலாம். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து அப்படிப்பட்டது. செல் உருண்டு போனாலும் பின்னணிக் கணக்கு தப்பும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு முறை காஸ்பேஸ் உணரியில் இரண்டு மணி நேரம் சியான், மஞ்சள் விகிதம் அழகாக ஏறிக்கொண்டே போனது. மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள், வெட்டவே முடியாதபடி மாற்றிய உணரியை வைத்து அதையே செய்தேன். அதுவும் அதே சரிவில் ஏறியது. காரணம் என் கையில்தான் இருந்தது. மஞ்சள் புரதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் அதை நேரடியாகத் தூண்டி ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒளியே மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து மங்க வைத்திருக்கிறது. 5-ம் கேள்வியில் சொன்ன தாவல் நினைவிருந்திருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பேன்: ஒவ்வொரு செல்லும் ஒரே சீராகச் சரிந்து ஏறுவது காஸ்பேஸின் குணமே அல்ல.

ஆகவே மூன்று கன்ட்ரோல்கள், அதாவது ஒப்பீட்டுச் சோதனைகள், கட்டாயம். ஒன்று, இலக்கு இடம் மாற்றப்பட்ட உணரி: காஸ்பேஸுக்கு அந்தக் கடைசி ஆஸ்பார்ட்டேட்டுக்குப் பதில் அலனின், கைனேஸுக்கு பாஸ்பேட் ஏற்கும் திரியோனினுக்குப் பதில் அலனின். இரண்டு, நொதியைத் தடுக்கும் மருந்து. மூன்று, நொதியை நிச்சயமாக எழுப்பும் ஒன்று; பிகேஏ-வுக்கு ஃபோர்ஸ்கோலின் போல. முதலாவது இல்லாத படத்தை நான் யாருடையதாக இருந்தாலும் நம்புவதில்லை.

10. என் உணரி காஸ்பேஸ்-3-க்கு மட்டும்தானே பதில் சொல்லும்?

இல்லை. அந்த நான்கு அமினோ அமிலங்களை காஸ்பேஸ்-7-ம் நன்றாக வெட்டும். கைனேஸ்களிலும் இப்படித்தான், ஒன்றின் இலக்கு வரிசை அதன் உறவுக்கார நொதிகளுக்கும் பிடித்துப்போகும். இலக்குப் பகுதிக்குச் சற்றுத் தள்ளி, அந்தக் கைனேஸ் வந்து தொற்றிக்கொள்ளும் இடம் ஒன்றைச் சேர்த்தால் தேர்வு கூர்மையாகும். இஆர்கே கைனேஸின் உணரிகளில் அப்படிச் சேர்த்திருக்கிறார்கள். காஸ்பேஸ் விஷயத்தில் 'காஸ்பேஸ்-3 வகை செயல்பாடு' என்று எழுதுவதே நேர்மை. ஒன்றைத்தான் என்று சொல்ல வேண்டுமானால் அந்த மரபணுவை நீக்கிய செல்லில் காட்டுங்கள்.

11. இவ்வளவு பெரிய புரதத்தைத் திணித்தால் செல்லே கெட்டுப்போகாதா?

நியாயமான பயம். உணரியும் நொதிக்கு ஒரு தீனிதான். அதை அளவுக்கு மீறிக் கொட்டினால் நொதி தன் உண்மையான வேலையை விட்டுவிட்டு இதைக் கவனிக்கும். பளிச்சென்று தெரியும் செல்லைத் தேடிப் படம் எடுப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆனால் அந்தச் செல்தான் அதிகம் பாதிக்கப்பட்டது. கேமராவுக்குப் போதுமான அளவு மங்கலான செல்லைத் தேர்ந்தெடுங்கள். மங்கலான செல்லும் பளிச் செல்லும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மாறினால் நிம்மதி.

இன்னொரு பொறி: சியானும் மஞ்சளும் ஒரே மரபணுவிலிருந்து வந்தவை, வரிசை ஏறத்தாழ ஒன்றேதான். மரபணுவைச் சுமந்து செல்லும் லென்டிவைரஸ் மூலம் செல்லுக்குள் அனுப்பினால் அவை தமக்குள் கலந்து, பாதி உணரி காணாமல் போகலாம். ஒரே நிறத்தில் மட்டும் ஒளிரும் செல்கள் நிறைய இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அமினோ அமிலம் மாறாமல் ஒன்றின் மரபணு எழுத்துகளை மட்டும் மாற்றி எழுதுவது, அல்லது வைரஸை விட்டு, இடம் மாறும் டிஎன்ஏ துண்டைக் கொண்டு மரபணுவைச் செருகும் டிரான்ஸ்போசான் முறைக்கு மாறுவது, இரண்டுமே வழி.

12. உட்கருவில் மட்டும், சவ்வில் மட்டும் என்று பார்க்க முடியுமா?

இந்த முறையின் பெரிய பலமே அதுதான். உட்கருவுக்குப் போகச் சொல்லும் சிறு வரிசையையோ சவ்வில் ஒட்டச் சொல்லும் வரிசையையோ உணரியின் முனையில் சேர்த்தால், அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பிகேஏ-வை இப்படிப் பார்த்தபோது, சைட்டோபிளாசத்தில் சீக்கிரமே தெரியும் எழுச்சி உட்கருவில் மிகத் தாமதமாக வருவது தெரிந்தது. கட்டு அவிழ்ந்த நொதி உள்ளே போய்ச் சேர நேரமாகிறது. லைசோசோம் போன்ற அமில அறைகளில் மட்டும் 9-ம் கேள்வியில் சொன்ன எச்சரிக்கை இரட்டிப்பாகும்.

13. ஆக்சிஜன் இல்லாமல் வளரும் பாக்டீரியாவில்?

ஜிஎஃப்பி குடும்பம் ஒளிராது, காரணம் 3-ம் கேள்வியில் இருக்கிறது. ஃபிளேவினைப் பிடித்து ஒளிரும் எல்ஓவி வகைப் புரதங்களை முயலுங்கள். அவற்றுக்கு ஆக்சிஜன் தேவையில்லை.

14. விகிதம் 1.4 என்று வருகிறது. அதை நொதியின் உண்மையான வேகமாக மாற்ற முடியுமா?

நேரடியாக முடியாது. அந்த 1.4 உங்கள் ஃபில்டர், கேமரா, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்த எண். அடுத்த அறையில் உள்ள மைக்ரோஸ்கோப்பில் அதே செல் வேறு எண்ணைக் கொடுக்கும். செய்யக்கூடியது, சோதனையின் கடைசியில் உணரியை முழுக்க நிறையவைத்து உச்ச மதிப்பையும், தடுப்பு மருந்தில் அடிமட்ட மதிப்பையும் எடுத்து, இடையில் உள்ளதைச் சதவீதமாகச் சொல்வது. கருவிக்குக் கருவி ஒப்பிட வேண்டுமானால் ஒளிர்வு ஆயுளை அளக்கலாம். மஞ்சள் அருகில் இருந்தால் சியான் ஒளிரும் நேரம் குறையும். அது நானோநொடிக் கணக்கு, உணரி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. எம்டர்க்வாய்ஸ்2 என்ற சியான் புரதத்தின் ஆயுள் தனியாக இருக்கும்போது சுமார் 4 நானோநொடி என்பதால் இதற்கு மிகவும் தோதானது.

15. பிளாஸ்மிட் வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்யட்டும்?

பிளாஸ்மிட் என்பது உணரியின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம். முதலில் அதன் வரிசையைச் சரிபாருங்கள். மாற்றப்பட்ட கன்ட்ரோல் வடிவத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல உணரிகளுக்கு அட்ஜீன் சேமிப்பகத்தில் இரண்டுமே கிடைக்கும். ஒரே தட்டின் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இரண்டையும் போடுங்கள். மருந்து எதுவும் கொடுக்காமல், நீங்கள் திட்டமிட்டிருக்கும் அதே இடைவெளியில் ஒரு மணி நேரம் சும்மா படம் எடுங்கள். விகிதக் கோடு தட்டையாக இருக்கிறதா? இல்லை என்றால் விளக்கின் ஒளியைக் குறைத்துவிட்டு மறுபடி எடுங்கள். தட்டையாக வந்த பிறகு மருந்துக் குப்பியைத் திறக்கலாம்.